நாற்பத்தொன்றாம் நம்பர்

செத்த லேப்டாப் பேட்டரி
ரிச்சி தெருவில் கிலோ கணக்கு.
இருநூறு என்பான். நூறுக்குக் கேட்பேன்.
நூற்றைம்பதில் முடியும், எப்போதும்.
ஒன்றின் முதுகில் ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை:
"கணக்குப் பிரிவு, மூன்றாம் மாடி."
இன்னொன்றில் யாரோ நகத்தால் கீறிய பிள்ளையார் சுழி.

ஓட்டை நெம்பித் திறந்தால்
உள்ளே ஆறு உருளை.
போயிருப்பது ஒன்றோ இரண்டோ.
மீதியையும் சேர்த்துத்தான்
செத்ததாக எழுதிவிட்டார்கள்.

மீட்டரின் இரண்டு முள்ளால்
ஒவ்வொன்றாய்த் தொட்டுக் கேட்பேன்.
மூன்று புள்ளி ஐந்து. இரு.
மூன்று புள்ளி ஆறு. இரு.
சைபர். நீ கிளம்பு.
முழுசாய் ஏற்றி, ஒரு மாதம் சும்மா வைத்துப் பார்க்கணும்;
சும்மா இருக்கும்போதே இறங்குகிறதை நம்பக் கூடாது.
ஏறும்போது கை சுட்டால்
நேரே மொட்டை மாடி, மணல் வாளி.

"வெடிக்காதே?" என்பார் எதிராஜ், தினமும்.
"அவசரப்பட்டா வெடிக்கும்."
அதற்குப் பிறகு என்னை அவர் அவசரப்படுத்தியதில்லை,
சோற்றுக்குக்கூட.

அறுபது தேறியது. எட்டு மாதம்.
இருபது இருபதாய் மூன்று வரிசை,
ஒவ்வொன்றுக்கும் மயிரிழை ஃபியூஸ் கம்பி,
மார்க்கரில் நம்பர்.
மீன் தீனி வந்த மரப்பெட்டிக்குள்
கச்சிதமாய் உட்கார்ந்தது.

கொளத்தூரில் எங்கள் தெரு முழுக்கத் தொட்டி.
ஃபைட்டருக்குக் கவலை இல்லை,
மேலே வந்து தானே மூச்சு வாங்கிக்கொள்ளும்.
தங்கமீன் அப்படியில்லை.
காற்று மோட்டார் நின்றால்
வாயை வாயைத் திறந்து
கந்துவட்டிக்காரன் முன்னால் நிற்கிற மாதிரி நிற்கும்.

கார்த்திகைப் புயலில்
சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்டு போனது.
முதல் ராத்திரி கொஞ்ச நேரம் எல்லாம் ஓடியது.
அப்புறம் மோட்டார் அரைமணி, நிறுத்தம் அரைமணி.
மறுநாள் ராத்திரி
ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் கொசு.
"ஃபேனா, மீனா?" என்றேன்.
எதிராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு
ஒன்றும் பேசாமல் தரையில் படுத்தார்.

ஒரு மணி இருக்கும்.
முழங்கால் தண்ணியைக் கிழித்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம்.
மழைக்கோட்டு, தோளில் கயிறு.
"இந்தத் தெருவுல உங்க வீட்டுலதாம்மா வெளிச்சம்.
போன் ஆஃப் ஆயிடுச்சு.
லைன் கிளியர்னு சப்ஸ்டேஷனுக்குச் சொல்லணும்.
சொன்னாத்தான் ஆன் பண்ணுவாங்க."

ஈ.பி. ஆள்.
கரண்டு கேட்டு வந்திருக்கிறார், என்னிடம்.

சிரிக்கவில்லை. ஒயரை நீட்டினேன்.
பதினைந்து நிமிஷம்
தொட்டி முன் ஸ்டூலில் உட்கார்ந்து
தங்கமீனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்,
கால் விரலிலிருந்து தண்ணீர் சொட்ட.
"எந்தக் கம்பெனி இன்வெர்ட்டர்ம்மா?"
"கணக்குப் பிரிவு, மூன்றாம் மாடி" என்றேன்.
தூக்கக் கலக்கம் என்று நினைத்திருப்பார்.

இரண்டே காலுக்குத்
தெரு மொத்தமும் "ஓ" என்று கத்தியது.

விடிந்ததும் பெட்டியைத் திறந்தேன்.
நாற்பத்தொன்றின் கம்பி மட்டும் எரிந்து அறுந்திருந்தது.
எப்போது அறுந்ததோ.
ஃபேனின்போதா, அந்தப் போனின்போதா,
நான் கண்ணயர்ந்த அந்தப் பத்து நிமிஷத்திலா.
சத்தம் கேட்கவில்லை.
தொட்டியில் ஒரு குமிழி குறையவில்லை.
மற்ற பத்தொன்பதும்
அதன் பங்கையும் பங்கிட்டுக்கொண்டு போயிருக்கின்றன.

கழற்றி மணல் வாளிக்கு எடுத்துப் போனேன்.
படியேறும்போது பார்த்தேன்,
ஈரக் கட்டைவிரலில்
தலைகீழாய் ஒட்டியிருந்தது: 41.

சனிக்கிழமை ரிச்சி தெரு.
அரைக் கிலோ போதும்.